தன்னிடம் கனிவு: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ மனநலம் பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் இருக்கும்போது ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு தனியே வந்து கேட்கிறவர்களே அதிகம். அப்படிக் கேட்கப்பட்டவற்றுள் மறுபடியும் மறுபடியும் வருகிற கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல முயன்றிருக்கிறோம். கேட்டவர் இன்னார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

தன்னிடம் கனிவாக இருப்பது என்று எதைச் சொல்கிறீர்கள்?

நமக்கு வேண்டிய ஒருவர் தோற்றுப்போயோ, தவறு செய்துவிட்டோ, களைத்துப்போயோ நம் வீட்டுப் படியேறி வந்தால் அவரிடம் எப்படி நடந்துகொள்வோமோ, அதே முறையில் நம்மிடமும் நடந்துகொள்வதைச் சொல்கிறோம். வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததைக் கேட்டு, தவறு அவர் மேல் இருந்தால் அதையும் பக்குவமாக எடுத்துச் சொல்வோமே தவிர, வாசலிலேயே நிறுத்திவைத்து ஏசமாட்டோம்.

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளில் இதை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். தன்னைக் கடிந்துகொள்ளாமல் ஆதரவாக நடத்துவது ஒன்று. தவறுவதும் தோற்பதும் எல்லா மனிதருக்கும் பொது, எனக்கு மட்டும் எழுதிய விதி இல்லை என்று உணர்வது இரண்டாவது. மனவலியை மூடி மறைக்காமலும், அதிலேயே மூழ்கிவிடாமலும் உள்ளபடி பார்ப்பது மூன்றாவது. இந்த இரண்டாவது கூறுக்கு நம்மிடம் ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்ற பழமொழி ஆயத்தமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தேர்வில் தவறிவிட்டால் அது சட்டென்று நம் வாயில் வரும்; நம் கால் சறுக்கும்போதுதான் நினைவுக்கே வராது.

தன் குற்றத்தைத் தானே மன்னித்துக்கொண்டு தப்பிப்பதற்கு இது ஒரு வழி ஆகிவிடாதா?

கேள்வி நியாயமானது. கணக்கு எழுதிப் பழகிய மண் இது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் பேரேட்டில் வரவும் பற்றும் எழுதி, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்து, காசு பிசகாமல் ஊருக்கு அனுப்பிய குடும்பங்களில் வந்தவர்கள் இங்கே ஏராளம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதிக் கொண்டுவந்த ஏட்டை எந்த முதலாளியும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். தன்னையே ஓயாமல் ஏசிக்கொள்கிறவர் அப்படிப்பட்ட ஏட்டைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்: அன்றைக்கு நேர்ந்த குறைகள் அத்தனையும் பற்றில் ஏறும், செய்த நல்லவை எதுவும் வரவில் வராது. கனிவு பற்றை அழிக்கச் சொல்லவில்லை, விட்டுப்போன வரவையும் எழுதச் சொல்கிறது.

மருமகளிடம் கடுமையாகப் பேசிவிட்ட ஒரு மாமியாரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான் பேசியது தவறு, அந்தப் பிள்ளையின் மனம் நொந்திருக்கும்’ என்று நினைக்கிறவர் எழுந்துபோய் இரண்டு வார்த்தை சொல்லிவிடுவார். ‘என் பிறவியே சரியில்லை, நான் யாருக்கும் நல்லவளாக இருந்ததில்லை’ என்று நினைக்கிறவர் அறையை விட்டு வெளியே வரமாட்டார். பிறகு மருமகளே வந்து அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். பார்ப்பதற்குப் பணிவு போலத் தோன்றினாலும், தன்னை ஏசிக்கொள்வதில் புண்பட்டவர் மறக்கப்பட்டுவிடுகிறார் என்பதுதான் உண்மை. குற்றத்தை ஒப்புக்கொண்டு திருத்துவதற்குத் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு ஏச்சில் கிடைப்பதில்லை.

கண்டிப்பில்லாமல் யாராவது முன்னுக்கு வந்திருக்கிறார்களா?

இதை ஆண்கள் அதிகம் கேட்கிறார்கள், பெரும்பாலும் தங்கள் ஐயாவையோ (தாத்தா) அப்பச்சியையோ (அப்பா) எடுத்துக்காட்டிக் கேட்கிறார்கள். சிறுவயதில் பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடியாக) கடலைத் தாண்டிப் போய், ஏச்சு வாங்கி, அடுத்தாளாகி (மேலாளுக்கு உதவியாளராகி), பிறகு சொந்தமாகத் தொழில் செய்தவர்களின் கதைகள் இங்கே பல வீடுகளில் உண்டு. அக்கதைகளை முழுதாகக் கேட்டால், ஏசிய அதே மேலாள்தான் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார் என்பதும், தொழில் நடத்தித் தங்கியிருந்த கிட்டங்கியில் வேளை தவறாமல் சோறு கிடைத்தது என்பதும் கூடவே வரும். நாம் அந்தக் கதைகளிலிருந்து ஏச்சை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டோம்.

ஆய்வுகளும் கண்டிப்புக்குப் பெரிய ஆதரவு தருவதாகத் தெரியவில்லை. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு முதலில் கடினமான சொல்வளத் தேர்வு ஒன்று வைக்கப்பட்டது. ‘இத்தகைய தேர்வில் திணறுவது எல்லோருக்கும் நேர்வதுதான், உங்களை அதிகம் வருத்திக்கொள்ளாதீர்கள்’ என்ற பொருளில் சில வரிகளைக் கேட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் படித்தார்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2010-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவர்களுள் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு அவ்வளவு தள்ளிப்போடவில்லை.

இதன் காரணத்தைப் பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் நெடுங்காலமாக விளக்கி வருகிறார். வெளியிலிருந்து ஒருவர் நம்மைத் தாக்க வந்தால் உடல் எப்படிப் பதறுமோ, ஏறக்குறைய அதே பதற்றம் நம்மை நாமே தாக்கும்போதும் ஏற்படுகிறது: நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தப்பிக்க வேண்டும் அல்லது ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே மேலோங்குகிறது. அந்த நிலையில் புதிதாக எதைக் கற்றுக்கொள்வது?

என்னை நானே ஏசிக்கொள்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை என்றால்?

பலருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் அது ஏச்சாக வராமல் அடக்கமாக வருகிறது. கல்யாணத்துக்குப் பலகாரம் சுடுகிற ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் பின்புறமுள்ள மூன்றாங்கட்டில் காலையிலிருந்து தேன்குழல் பிழிகிறார்கள். அச்சைப் பிடித்திருக்கும் ஆச்சிக்கு அறுபது வயதிருக்கும். எண்ணெய்ப் பதம் பிடிபடுவதற்கு முன் போட்ட முதல் ஈடு சற்றுச் சிவந்துவிட்டது. அதன்பின் சுட்டதெல்லாம் முறுகாமல் வெள்ளை வெளேரென்று வந்து தகர டின்கள் நிரம்பிவிட்டன. ஆனால் அந்த ஆச்சி, சிவந்த ஈட்டைத் தனியே ஒரு தட்டில் எடுத்துவைத்துக்கொண்டு, உள்ளே வருகிறவர்களிடமெல்லாம் ‘கை முன்னே மாதிரி இல்லை, பாருங்க’ என்று அதையே காட்டிக்கொண்டிருக்கிறார். நிரம்பிய டின்னைத் திறந்து ஒருவருக்கும் காட்டவில்லை.

உங்களிடமும் அப்படி ஒரு தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ‘எப்போதுமே’, ‘ஒருநாளும்’, ‘எதற்கும் லாயக்கில்லை’ போன்ற சொற்கள் மனத்துக்குள் ஓடுவது ஓர் அறிகுறி. யாராவது பாராட்டினால் உடனே குறுக்கிட்டு ஒரு குறையைச் சொல்லி அதை ஈடுகட்டுவது இன்னோர் அறிகுறி. உடலும் காட்டிக்கொடுக்கும்: பல்லைக் கடித்துக்கொள்வது, தோள் இரண்டும் காதருகே ஏறிவிடுவது, படுத்த பிறகும் பகலில் பேசியதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. சற்றுக் கூர்ந்து கவனித்தால், உள்ளே ஏசுகிற குரல் பழைய ஆசிரியர் ஒருவருடையதாகவோ நெருங்கிய உறவினருடையதாகவோ இருப்பதையும் சிலர் கண்டுகொள்கிறார்கள். அவர்கள் மேல் பழிபோடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கிருந்தோ வந்து குடியேறிய குரல் அது என்று தெரிந்தாலே அதன் அதிகாரம் பாதி குறைந்துவிடும்.

சரி, அந்தக் குரல் கேட்கும்போது என்ன செய்வது?

கண்ணாடி முன்னால் நின்று ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும்படி சில இடங்களில் யோசனை கூறுகிறார்கள். ஒத்துவருகிறவர்கள் செய்யட்டும். நம் பக்கத்தில் பெரும்பாலோருக்குச் சிரிப்புத்தான் வரும், பின்னால் யாராவது நின்றுவிட்டால் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். அதைவிட எளிதாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலில், நடந்ததை ஒரே வாக்கியத்தில் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொள்ளுங்கள். ‘வங்கியில் கெடு தேதியைத் தவறவிட்டுவிட்டேன், அதனால் மனம் கனக்கிறது’ என்பது போதும்; ‘நான் உருப்படமாட்டேன்’ என்பது நடந்த செய்தி அல்ல, தீர்ப்பு. அடுத்து, உடலைச் சற்று அமைதிப்படுத்துங்கள். நெஞ்சின் மேல் கையை வைத்து இருபது விநாடி நிதானமாக மூச்சுவிடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, பேருந்தில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். இப்படிச் செய்தவர்களுக்கு மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசோல் அளவு குறைவாக இருந்ததாக ஜெர்மன் ஆய்வாளர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவதாக, உங்களோடு நீங்கள் பேசும் முறையை மாற்றிப் பாருங்கள். தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொள்கிறவர்கள் பதற்றமான நேரத்தைக் கூடுதல் நிதானத்தோடு கடக்கிறார்கள் என்று ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014-இல் காட்டினார்கள். நமக்குப் பெயரைவிட உறவுமுறைச் சொல் இன்னும் இயல்பாக வரும். சிறுவயதில் ஆயாள் (பாட்டி) வீட்டில் ‘என்ன ஆத்தா, சோர்ந்துபோயிட்டே, இங்கே வந்து உட்காரு’ என்று அழைக்கப்பட்ட பெண்ணுக்கு, ஐம்பது வயதில் அதே சொற்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது நடிப்பாகத் தோன்றாது. ஆண்களில் சிலர் ‘தம்பி, இன்றைக்கு இது போதும்’ என்று சொல்லிக்கொள்வதாகக் கூறினார்கள். அப்படி அன்பாக அழைத்தவர் யாரும் வாழ்க்கையில் இருந்ததில்லை என்றால், நீங்கள் மற்றவர்களிடம் அன்பாகப் பேசும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டுப் பழகிவிட்டேன். அதை மாற்றினால் தன்னலம் ஆகாதா?

விருந்தோம்பலுக்குப் பெயர்போன பகுதியில் இக்கேள்வி வருவதில் வியப்பில்லை. இரண்டாங்கட்டில் வரிசையாக இலை போட்டு, வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும், அரிசி கழுவிய நீரில் செய்யும் மண்டியுமாகப் பரிமாறுவதில் உள்ள மகிழ்ச்சி உண்மையானது. அதை விடும்படி யாரும் சொல்லவில்லை. விசேஷ நாளில் பரிமாறுகிறவர் கடைசியில் சாப்பிடுவது முறையாக இருக்கலாம். ஆனால் சாதாரணச் செவ்வாய்க்கிழமையன்றும், வீட்டில் மூன்றே பேர் இருக்கும்போதும், ஆறிப்போன குழம்பின் அடிமண்டியைப் பிற்பகல் மூன்று மணிக்கு நின்றபடியே சாப்பிடுவதை எந்த முறையும் கேட்கவில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது வெறும் பழக்கக் கேடு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

எனவே இதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு நடைமுறையாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் சில நாளாவது உட்கார்ந்து, சூடாக, தட்டில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். பீங்கான் அலமாரியில் விருந்தாளிக்கென்று பூட்டிவைத்திருக்கும் நல்ல கோப்பையில் ஒரு நாள் உங்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டால் அது குறைந்துபோகாது. ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்று சொல்லிவைத்தவர்கள் கருமிகள் அல்லர்.

வெளியூரில் இருக்கிறேன். ஊரில் பூர்விக வீடு பூட்டிக்கிடக்கிறது. அதை நினைத்தாலே என் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது. இதற்கும் கனிவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற கேள்விகளில் இதுவே முதலிடம் பெறும். ஓடு சரிந்து வளவுக்குள் (உள்முற்றப் பகுதிக்குள்) தண்ணீர் இறங்குகிறது, தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல்லில் பாசி பிடிக்கிறது, ஐயா காலத்துக் கதவைக் கழற்றிப் பழம்பொருள் கடைக்கு விற்கலாமா என்று பங்காளி ஒருவர் கேட்கிறார். கேட்டவருக்கு இரவில் தூக்கம் போய்விடுகிறது.

இங்கே கனிவு என்பது முதலில் வரலாற்றை நேராகப் பார்ப்பதுதான். இந்த வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள், கடல் கடந்த தொழிலில் வந்த பணத்தில், பர்மா தேக்கைக் கொண்டுவந்து கட்டப்பட்டவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. 1960-களில் அந்நாட்டு அரசு வங்கிகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியது. வீட்டைக் கட்டிய வருமானம் அத்தோடு போயிற்று. பல புள்ளிகளும் (மணமான குடும்பங்களும்) வேலையாட்களுமாக நிறைந்திருப்பதற்கென்று கட்டிய வீட்டை மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர் தூரத்திலிருந்து காக்க முடியவில்லை என்றால், அதற்கு அவருடைய ஒழுக்கக் குறைவு காரணமன்று. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உலகம் சேர்ந்து கவலைப்பட வேண்டிய ஒன்றை நீங்கள் ஒருவராகத் தலையில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

இப்படிப் பார்த்த பிறகு, உங்கள் பங்குக்குச் செய்யக்கூடியது எது என்று தெளிவாகத் தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஓடுகளையும் தண்ணீர்க் குழாயையும் பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யலாம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது பராமரிப்புச் செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம். வாடகைக்கு விடுவதா, விடுதியாக்குவதா என்ற பேச்சைக் கோபமில்லாமல் தொடங்கலாம். குற்றவுணர்வோடு இருக்கிறவர் பொதுவாக அந்தக் கூட்டத்துக்கே வராமல் தவிர்த்துவிடுகிறார். ஊரில் தனியாக இருக்கும் வயதான பெற்றோர் விஷயத்திலும் இதே போக்கைப் பார்க்கிறோம்: ‘நான் நல்ல பிள்ளை இல்லை’ என்ற எண்ணம் முற்றிய பிறகு, தொலைபேசியில் பேசுவதுகூடக் குறைந்துவிடுகிறது.

விசேஷ வீடுகளில் ‘ஏன் இப்படி இளைச்சுட்டே’, ‘இன்னும் ஒன்றும் விசேஷமில்லையா’ என்று கேட்கிறார்களே?

கேட்பார்கள், நிறுத்த முடியாது. பெரும்பாலோர் பேச்சுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமென்று கேட்கிறார்கள். சிலர் குத்திக்காட்டவும் கேட்கிறார்கள். ‘நல்லா இருக்கேன் அயித்தை, நீங்க எப்படி இருக்கீங்க’ என்று பேச்சைத் திருப்பிவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் ஒரு முறை கேட்டதை வீட்டுக்கு வந்து நாம் ஐம்பது முறை கேட்டுக்கொள்வதை மட்டும் நிறுத்தினால் போதும். பிள்ளையில்லாத ஏக்கம் போன்ற உண்மையான வேதனை பின்னால் இருந்தால், அன்றைக்கு அந்த விசேஷத்துக்குப் போகாமல் மொய்யை மட்டும் கொடுத்தனுப்புவதும் தவறாகாது.

பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

சொல்லிக்கொடுத்து வருவதைவிடப் பார்த்துப் படிவதுதான் அதிகம். தோசை கருகியதும் ‘எனக்கு மூளையே இல்லை’ என்று அம்மா சொல்வதைத் தினமும் கேட்கிற பிள்ளை, கணக்கில் தவறும்போது அதே வாக்கியத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ளும். பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டுவிடுங்கள்.

கனிவாக நடந்துகொள்ள முயன்றால் எனக்கு அழுகை வருகிறது. முன்பைவிட மோசமாகிவிட்டேனோ?

இல்லை. நெஃபும் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஜெர்மரும் சேர்ந்து உருவாக்கிய எட்டு வாரப் பயிற்சியில் இது நன்கு அறியப்பட்ட ஒரு கட்டம். பல ஆண்டுகளாக அடைத்துவைத்த துயரம், ஆதரவான ஒரு சொல் கிடைத்ததும் வெளியே வருகிறது; தூரத்து உறவினர் வந்து கையைப் பிடித்ததும் துக்க வீட்டில் அதுவரை அழாதவர் அழுவதை நாம் பார்த்திருக்கிறோம். தாங்கக்கூடிய அளவுக்கு அழுதுவிட்டு, வாசலைக் கூட்டுவது, பூப்பறிப்பது போன்ற கைவேலை எதையாவது செய்யுங்கள். தாங்கமுடியவில்லை என்றால் பயிற்சியைச் சில நாள் விட்டுவிடலாம். வேண்டாம் என்று நிறுத்துவதும் கனிவில் சேர்ந்ததுதான்.

இது மட்டும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை எப்படி அறிவது?

இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதியில் மனச்சோர்வு நீடித்தாலோ, உறக்கமோ பசியோ வெகுவாக மாறிப்போனாலோ, வழக்கமாகப் பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உள்ளூர் மருத்துவமனையில் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று தயங்கி மதுரைக்கோ திருச்சிக்கோ போய்ப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போவதில் தவறில்லை, ஆனால் அடுத்தடுத்த முறை வரச்சொல்லும்போது பயண அலுப்பினால் பாதியில் விட்டுவிடாத தொலைவாகப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.